தெரிந்த விடையும் தெளிந்த மனமும்

நேர்மை என்பது பொய் சொல்லாதிருத்தல் மட்டும்தானா? அல்லது நமக்கு முன்னமே தெரிந்த ஒன்றை அப்போதுதான் கண்டறிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாதிருத்தலும் அதனுள் அடங்குமா? குருமடங்களில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், இத்தகைய வினாக்களை வணிகர், சாட்சி சொல்பவர், மருத்துவர் ஆகியோரின் வாழ்வை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் ஆராய்ந்தோம். மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இருபது வயது மாணவரும் அதே வினாவுடன் நம்முன் வந்து நிற்பார் என அன்று யாரும் எண்ணியதில்லை. இன்று வருகின்றார், சுரண்டை போன்ற ஊரிலிருந்தும் வருகின்றார். எனவே இவ்வினாவை நம் குடும்பங்களின் வினாவாகவே கொண்டு சிந்திப்பது தகும்.

சுரண்டை வேளாண்மையும் வணிகமும் வளர்த்த ஊர். சுற்றியுள்ள சிற்றூர்களில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் தாய்மாரின் உழைப்பில் படித்து முன்னேறிய பிள்ளைகள் பலர். 2007ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் பொறியியல் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டமும் வந்தது. 2022இல் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்க்குத் தொழில்திறன் பயிற்சிகளை அளிக்கின்றது. இவ்வாறு கல்லூரியின் வாயில் ஓரளவு அகலமாகிவிட்டது. ஆயின் அதற்கு அப்பால் இன்னொரு வாயில் இருக்கின்றது. பெரிய கணினி நிறுவனங்கள் கல்லூரி மாணவரைச் சில மாதங்கள் ஊதியத்துடன் அமர்த்திக்கொள்ளும் 'இன்டர்ன்ஷிப்' எனும் பயிற்சிப் பணியே அது. அதில் சிறந்து விளங்குவோர்க்குப் பின்னர் நிலையான பணியும் கிடைப்பதுண்டு. ஆதலால் அந்த வாயிலில் நடைபெறும் நேர்முகத் தேர்வு ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே மாற்றவல்லது.

தேர்வின் இயல்பு

இத்தேர்வு எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பெரும்பாலும் முக்கால் மணி நேர அளவில் அமையும் இதில், மாணவர் ஒரு கணக்கைப் பெற்று, அதைத் தீர்க்கும் வழியை வாய்விட்டு விளக்கிக்கொண்டே நிரலாக எழுத வேண்டும். தேர்வாளர் கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பார். விடையைவிட, விடைக்குச் செல்லும் வழியே தங்களுக்கு முக்கியம் என்று இந்நிறுவனங்கள் கூறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். சந்தையில் ஆயிரம் மூட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றின் எடையும் எழுதப்பட்டுள்ளது. எவையேனும் இரண்டு மூட்டைகள் சேர்ந்து சரியாக நூறு கிலோ ஆகின்றனவா என்று கண்டறிய வேண்டும். ஒவ்வொரு மூட்டையையும் மற்ற ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்ப்பது ஒரு வழி. அதற்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் கூட்டல்கள் தேவைப்படலாம். மற்றொரு வழியும் உண்டு. வரிசையாகச் செல்லும்போதே கண்ட எடைகளை, உடனே தேடி எடுக்கத்தக்க ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்வது அது. நாற்பது கிலோ மூட்டையின் முன் நிற்கும்போது, அறுபது கிலோ முன்னமே குறிக்கப்பட்டுள்ளதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆயிரம் அடிகளில் வேலை முடிந்துவிடும். நினைவில் வைப்பதற்குச் சற்று இடம் செலவாகின்றது. காலம் பெரிதும் மிச்சமாகின்றது.

இவ்விரண்டாம் வழியை மனப்பாடம் செய்தவரும் எழுதுவார், புரிந்துகொண்டவரும் எழுதுவார். இருவரையும் பிரித்துக் காட்டுவது அடுத்த வினாவே. "மூட்டைகள் எடை வரிசைப்படி முன்னமே அடுக்கப்பட்டுள்ளன, குறித்துக்கொள்ளத் தாளும் இல்லை, இப்போது என்ன செய்வீர்?" என்று தேர்வாளர் கேட்டால், மனப்பாடம் செய்தவர் திகைப்பார். புரிந்துகொண்டவரோ, மிகச் சிறிய மூட்டையில் ஒரு விரலும் மிகப் பெரிய மூட்டையில் ஒரு விரலும் வைத்து, கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் பெரியதிலிருந்து கீழிறங்கியும், குறைந்தால் சிறியதிலிருந்து மேலேறியும் வரலாம் என்று சிந்திக்கத் தொடங்குவார்.

இத்தகைய கணக்குகள் எண்ணற்றவை அல்ல. வரிசை, அடுக்கு, மரம், வலை என்று வகைப்படுத்தத்தக்க சில நூறு கணக்குகளே உருமாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே அவற்றை முன்னமே பயிலும் தொழிலும் வளர்ந்துவிட்டது. கெயில் லாக்மன் மெக்டவல் எனும் அம்மையார் இத்தேர்வுக்கென்றே எழுதிய கையேடு 2008இல் வெளிவந்து உலகெங்கும் பரவியது. நொய்டாவில் 2009இல் தோன்றிய 'கீக்ஸ் ஃபார் கீக்ஸ்', திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவர் தொடங்கிய 'ஹேக்கர் ரேங்க்', அமெரிக்காவின் 'லீட்கோட்' ஆகியவற்றில் ஆயிரக்கணக்கான கணக்குகள் விடைகளோடு கிடைக்கின்றன. மாணவர்கள் மாதக்கணக்கில் இவற்றிலேயே உழல்கின்றனர். அறநெறி வினா இங்கேதான் எழுகின்றது.

பயிற்சி ஒரு வேடமா?

முன்னமே விடை தெரிந்துகொண்டு தேர்வுக்குச் செல்வதே ஒருவகை ஏமாற்று எனக் கருதுவோர் உண்டு. இக்கருத்து சரியன்று. பாடகர் மேடையேறுமுன் நூறு முறை பாடிப் பார்க்கின்றார். மறையுரை ஆற்றுபவர் முந்திய நாளே சிந்தித்து எழுதி வைக்கின்றார். இவற்றை எவரும் வேடம் என்பதில்லை. புனித தோமா அக்குவினார் கற்கும் ஆர்வத்தையே நற்பண்புகளுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். முறையற்ற அறிவு வேட்கையை அதனின்றும் பிரித்துக் காட்டினார். கற்பது நன்றா தீதா என்பது எதற்காக, எவ்வாறு கற்கின்றோம் என்பதைப் பொறுத்தது என்பதே அவர் பார்வையின் சாரம்.

ஆகவே பயிற்சியை இரண்டாகப் பிரித்து நோக்கலாம். ஒன்று, பயில்பவரையே மாற்றுவது. மற்றொன்று, பயில்பவரின் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. முதல் வகையில் கற்றது தேர்வு முடிந்த மறுநாளும் நம்மோடு இருக்கும். தேர்வில் தோற்றாலும் இருக்கும். இரண்டாம் வகையில் கற்றது தேர்வறையின் வாயிலோடு விடைபெற்றுவிடும். ஒரு மாணவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள இதுவே போதிய அளவுகோல்: "இந்த நிறுவனம் என்னை ஏற்காவிடினும், இம்மாதங்களில் நான் கற்றவை எனக்குப் பயன்படுமா?" ஆம் என்று சொல்ல முடியுமாயின், அவர் செய்தது உழைப்பே; அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

கண்ட கணக்கே வந்தால்

இனி, இதைவிடக் கடினமான வினாவுக்கு வருவோம். இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டது இது: "சாமி, நான் முந்திய வாரம் போட்ட கணக்கையே தேர்வாளர் கேட்டால், இது எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் வேறு கணக்குக் கொடுப்பார். அது எனக்கு வராமல் போகலாம். சொல்லாமல், சற்றுத் தடுமாறி, பிறகு கண்டுபிடித்ததுபோல எழுதினால் வேலை கிடைக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்."

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. இளைஞரின் பக்கமும் நியாயம் உண்டு. பொதுத்தேர்வில் பழைய வினாத்தாளில் வந்த வினாவே மீண்டும் வந்தால், 'இது முன்னமே தெரியும்' என்று எந்த மாணவரும் விடைத்தாளில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. கேளாத ஒன்றைத் தாமாகச் சொல்லக் கடமை ஏது? மேலும் சென்னையிலும் பெங்களூரிலும் பெருங்கல்லூரிகளில் பயில்வோர் இத்தகைய கணக்குகளை முதலாண்டிலிருந்தே போட்டுப் பழகுகின்றனர். அவர்கள் வாய்திறவாமல் வெல்ல, சுரண்டை மாணவர் மட்டும் உண்மை சொல்லித் தோற்க வேண்டுமா?

மரபுவழி அறநெறி இங்கு நமக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கின்றது. உண்மையைச் சொல்லாதிருத்தல் வேறு. பொய்யை உரைத்தல் வேறு. புனித அகுஸ்தினார் பொய்யை எவ்வகையிலும் ஏற்காதவர்; எனினும் உண்மையை மறைத்துக் காப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அவரும் ஒப்புகின்றார். அக்குவினாரும் இதனையே வழிமொழிகின்றார். ஆயின் அவர் மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகின்றார். பொய் சொல்லால் மட்டும் நிகழ்வதன்று. செயலாலும் குறிப்பாலும் ஒருவர் தம்மிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டினால், அதுவும் பொய்யே.

இவ்வேறுபாட்டை நம் வினாவில் பொருத்திப் பார்ப்போம். தேர்வாளர் கேட்டது விடையை மட்டுமாயின், விடையைத் தருவது போதும். அதை எப்போது கற்றோம் என்று சொல்லத் தேவையில்லை. பொதுத்தேர்வு அத்தகையது. ஆனால் இந்த நேர்முகத் தேர்வில் தேர்வாளர் காண விரும்புவது, புதிய ஒன்றின்முன் இம்மாணவர் எவ்வாறு சிந்திக்கின்றார் என்பதையே. அந்நிலையில் தெரிந்த விடையை அமைதியாகவும் தெளிவாகவும் எழுதிக் காட்டுவதில் பொய் இல்லை. நெற்றியைச் சுருக்கி, தவறான வழியொன்றில் வேண்டுமென்றே சென்று, திடீரென ஒளி தோன்றியதுபோலக் காட்டுவதோ நடிப்பு. கேட்கப்பட்ட பொருளைப் பற்றியே அது பொய்ச்சான்று தருகின்றது. "இதை முன்னர்ப் பார்த்திருக்கிறீரா?" என்று தேர்வாளர் நேரே கேட்டு, "இல்லை" என்று சொல்வதில் ஐயத்துக்கே இடமில்லை. கண்ட கணக்காயின் சொல்லிவிடுக என்று முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தால், மௌனமும் பொய்யாகிவிடும்.

எனவே அந்த இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது இது. கேட்டால் மறைக்க வேண்டாம். கேளாவிடினும் நடிக்க வேண்டாம். "இதனை ஒத்த கணக்கொன்றை நான் போட்டிருக்கிறேன், இவ்வழி ஏன் சிறந்தது என்று விளக்கட்டுமா?" என்று கேட்பது உண்மைக்கும் பொருந்தும், தேர்வாளருக்கும் பயன்படும். அவர் வேறு கணக்குக் கொடுக்கலாம்; அல்லது அதே கணக்கை ஆழப்படுத்திக் கேட்கலாம். புரிந்து படித்தவர்க்கு இரண்டாவது வாய்ப்பு நன்மையே.

ஆயினும் உண்மை சொன்னவரே இறுதியில் வெல்வார் என்று நாம் உறுதி கூறமாட்டோம். அப்படிக் கூறுவது இளைஞரை ஏமாற்றுவதாகும். உண்மை சொல்லி வாய்ப்பை இழந்தவர்கள் இருப்பர். நடித்துப் பணி பெற்றவர்களும் இருப்பர். நேர்மைக்கு ஊதியம் உண்டு என்பதால்தான் நேர்மையாயிருக்க வேண்டுமெனில், ஊதியம் இல்லாத இடத்தில் அதனைக் கைவிட நேரும். நேர்மையின் காரணம் வேறு. நாளும் பிறரோடு சேர்ந்து பணி செய்பவர், 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லக் கூசாதவராயிருத்தல் வேண்டும். மருத்துவமனைகளும் வங்கிகளும் தொடர்வண்டிகளும் இன்று நிரல்களை நம்பி இயங்குகின்றன. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் பழக்கம் தேர்வறையில் வேர்விட்டால், அதன் கனியை முன்பின் அறியாத ஒருவர் உண்ண நேரும்.

மறைந்து நிற்கும் குரல்

அண்மை ஆண்டுகளில் இவ்வினா வேறொரு வடிவமும் எடுத்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கணக்கைக் கேட்ட நொடியிலேயே விடை எழுதித் தருகின்றன. கணினித் திரைவழி நடக்கும் நேர்முகத்தில், தேர்வாளர் காணாத வண்ணம் திரையில் விடை காட்டும் கருவியொன்றை அமெரிக்க மாணவர் ஒருவர் 2025இல் உருவாக்கியது பெரும் விவாதத்தை எழுப்பியது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, ஒரு சுற்றுத் தேர்வையேனும் நேரில் நடத்தப் போவதாக அதே ஆண்டில் கூறினார்.

முந்திய வினாவில் நியாயம் இருபுறமும் இருந்தது. இதில் அவ்வாறில்லை. கண்ட கணக்கை எழுதுபவர் தாமே கற்றதை எழுதுகின்றார். மறைந்த கருவியின் விடையை எழுதுபவரோ தம் இடத்தில் வேறொன்றை அமர்த்துகின்றார். 'கால்குலேட்டர் பயன்படுத்துவதில்லையா?' என்று கேட்பர். வெளிப்படையாக அனுமதிக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. சில நிறுவனங்கள் அவ்வாறு அனுமதிக்கவும் செய்கின்றன. குற்றம் கருவியில் இல்லை, மறைப்பில் உள்ளது. அதே கருவியை வீட்டில் ஆசிரியராகக் கொண்டு, 'இவ்வழி ஏன் தவறு?' என்று கேட்டுக் கற்பது, நகரத்துப் பயிற்சிக்குப் பணமில்லாத மாணவர்க்குப் பெரும் உதவியுமாகும். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயர்த் தேர்வுக்குக் காரணம் கூறுகையில், தொழிற்புரட்சிக் காலத்தில் உழைப்பாளரின் உரிமையைப் பற்றி 1891இல் சுற்றுமடல் விடுத்த பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, செயற்கை நுண்ணறிவு எழுப்பும் சவாலைச் சுட்டினார். அச்சவால் நம் ஊர்ப் பிள்ளையின் படிப்பு மேசைமீதே அமர்ந்திருக்கின்றது.

தேர்வு நடத்துவோரின் கடமை

மாணவரின் நேர்மையைப் பற்றி மட்டும் பேசித் தேர்வு நடத்துவோரின் நீதியைப் பேசாது விடுவது முறையன்று. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரு அதிகாரங்களை ஆள்பவனுக்கே வைத்தார். ஒருவரைச் சோதித்து அறியும் பொறுப்பு சோதிப்பவருடையது. சோதனை செம்மையாக இல்லையெனில் பழியும் அவருடையதே.

வரலாறு இதற்குச் சான்று. இந்தியக் குடிமைப் பணிக்கு 1855 முதல் போட்டித் தேர்வு நடத்தப்பட்டது. பரிந்துரையால் பதவி பெறும் முறை ஒழிந்து, திறமைக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அது போற்றப்பட்டது. ஆயின் அத்தேர்வு இலண்டனில் மட்டுமே நடந்தது. இந்திய மண்ணிலும் அது நடத்தப்படுவதற்கு 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கடல் கடக்கும் செல்வம் இல்லாதவர்க்குத் திறமை இருந்தும் பயனில்லை. அக்காலத்திலேயே இலண்டனில் அத்தேர்வுக்கென மனப்பாடப் பயிற்சி தரும் ஆசிரியர்களும் பெருகினர். தேர்வு எல்லார்க்கும் பொது; தேர்வுக்குச் செல்லும் வழியோ அனைவர்க்கும் பொதுவாக இருக்கவில்லை. இன்றும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. தமிழ்வழிப் பயின்று, எண்ணத்தைத் தமிழில் நெய்து, ஆங்கிலத்தில் வெளியிட வேண்டிய மாணவர், ஒரே முக்கால் மணி நேரத்தில் இரண்டு தேர்வுகளை எழுதுகின்றார்.

தேர்வு முறையிலும் குறைகள் உண்டு. ஒருகாலத்தில் இந்நிறுவனங்கள் விடுகதை போன்ற வினாக்களைக் கேட்டு வந்தன. அவை வீண் எனவும், பணியில் ஒருவர் எவ்வாறு விளங்குவார் என்பதை அவை காட்டுவதில்லை எனவும் கூகுளின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே கூறினார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கணக்குப் போட்டவர்களின் செயல்திறன், தனித்திருந்து போட்டவர்களின் செயல்திறனில் பாதிக்கும் கீழே சென்றதைக் கண்டது. அப்படியானால் அத்தேர்வு அளந்தது அறிவையா, அச்சத்தையா என்று கேட்க வேண்டியுள்ளது.

இதற்கு மாற்று இயலாததன்று. அது நம் வட்டாரத்திலேயே தொடங்கியுள்ளது. 1996இல் வேறு பெயரில் தோன்றிய சோஹோ நிறுவனம், 2005இல் பள்ளிப்படிப்பு முடித்தவரைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கியது. பின்னர்த் தென்காசிக்கும் வந்தது. மத்தளம்பாறையில் அதன் வளாகம் இன்று நம் கண்முன் நிற்கின்றது. அந்நிறுவனத்தின் தேர்வுச் சுற்றுகளுள் ஒன்றில், பயணச்சீட்டு முன்பதிவு போன்ற ஒரு முழுச் செயலியைச் சில மணி நேரம் அமர்ந்து எழுதச் சொல்லும் வழக்கமும் உண்டு. எந்த நிறுவனமும் குறையற்றதென நாம் கூறவில்லை. ஆனால் பணியைச் செய்ய வைத்தே பணியாளரை அறியும் முறை, பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து ஏற்பதைப்போல, செய்த பொருளையே சான்றாகக் கொள்கின்றது. அங்கு நடிப்புக்கு இடம் குறைவு. நடிப்பைத் தூண்டும் தேர்வை வைத்துவிட்டு, நடித்தவரை மட்டும் பழிப்பது நீதியாகாது.

தேர்ந்தெடுக்கப்படாதவர்

இறுதியாக, இவையனைத்தையும்விட நம்மை உறுத்துகின்ற ஒன்று உண்டு. முறையாகப் பயின்று, நேர்மையாக விடையளித்து, தேர்ந்தெடுக்கப்படாது திரும்பும் பிள்ளையை நாம் எவ்வாறு நோக்குகின்றோம்? இடங்கள் சில; தகுதியுடையோர் பலர். ஒருவர்க்கு அன்று எந்தக் கணக்கு வந்தது, எந்தத் தேர்வாளர் அமைந்தார், இணைய இணைப்பு நின்றதா நிலைத்ததா என்பவையெல்லாம் முடிவைத் தீர்மானிப்பதில் பங்கு பெறுகின்றன.

நம் முன்னோர் இதனை உணர்ந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விளக்குகின்றது. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், சொந்த மனையில் வீடு, வரி செலுத்தும் நிலம், கல்வி, கணக்குக் காட்டாத குற்றமின்மை என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. அம்முறையில் எல்லார்க்கும் இடமில்லை என்பது மெய்யே. ஆனால் தகுதியுடையோர் யாவரென முடிவு செய்த பிறகு, அவர்களுள் ஒருவரைக் குடவோலையே தீர்மானித்தது. ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்திலும் இதே முறையைக் காண்கின்றோம். யூதாசின் இடத்துக்கு, தொடக்க முதல் இயேசுவோடு இருந்தவர் என்ற தகுதியுடைய இருவர் நிறுத்தப்பட்டனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. மற்றவரான யோசேப்பு தகுதியில் குறைந்தவர் என்று அங்கு ஒரு சொல்லும் இல்லை. அதன்பின் அவரைப் பற்றிப் புதிய ஏற்பாடு பேசவில்லை. மத்தியாவைப் பற்றியும் பேசவில்லை. பணி கிடைத்ததும் கிடைக்காததும் அவர்களின் மதிப்பைத் தீர்மானிக்கவில்லை.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர், தம் வெற்றி முழுவதும் தம் திறமையின் கூலி என்று தருக்கலாகாது. தேர்ந்தெடுக்கப்படாதவர், தம் தோல்வி முழுவதும் தம் குறையின் தீர்ப்பு என்று மனமுடையவும் வேண்டா. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலில், உழைப்பின் மதிப்புக்கு முதல் அடிப்படை செய்யப்படும் வேலையின் வகையில் இல்லை, அதனைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதில் இருக்கின்றது என்று விளக்கினார். அப்படியாயின், கூகுளில் நிரல் எழுதும் மகனும் முறத்தில் பீடி சுற்றும் தாயும் மதிப்பால் வேறுபட்டவர் அல்லர். வேலை கிடைக்காத மகனும் அவர்களுக்குக் குறைந்தவன் அல்லன்.

பெற்றோரும் பங்குச் சமூகமும் செய்யத்தக்கவை சில உள. பணி பெற்றவரின் பெயரை மன்றங்களில் வாழ்த்துவது நன்று. காத்திருப்பவரின் பெயரைக் கேட்டறிந்து உடனிருப்பது அதனினும் நன்று. 'பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டதே' என்ற ஒப்பீட்டை நம் வீடுகளிலிருந்து விலக்குவோம். பங்கு மண்டபங்களில் மாலைதோறும் ஓர் அறையைத் திறந்து வைப்போம். மூன்று நான்கு மாணவர் கூடி, ஒருவர் கேட்க மற்றவர் விளக்கிப் பழகட்டும். முதலில் தமிழில் விளக்கட்டும். பொருள் தெளிந்தபின் ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஒருவர் பார்த்திருக்கப் பேசும் அச்சம் இவ்வாறே குறையும். முன்னர்ச் சென்று பணியில் அமர்ந்த அண்ணன்மாரும் அக்காமாரும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, ஒரு மணி நேரத்தை இவர்களுக்குத் தரட்டும். நாளுக்கு ஐந்து விடைகளைப் புரட்டுவதைவிட, ஒரு கணக்கின் ஏன், எப்படி என்பவற்றைத் துருவுவது மேல் என்பதை அவர்களே அனுபவத்தால் உரைப்பர்.

தாலந்து உவமையில் தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கின்றார். இரண்டு தாலந்தை நான்காக்கியவர்க்கும் ஐந்தைப் பத்தாக்கியவர்க்கும் அவர் கூறும் பாராட்டு ஒன்றே என்பது நாம் அடிக்கடி கவனியாது கடந்துபோகும் செய்தி. நம் இளைஞர்களிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கும் அதுவாகவே இருக்கட்டும்: எந்த நிறுவனத்தில் அமர்ந்தாய் என்பதன்று, பெற்றதைக் கொண்டு மெய்யாகவே எதைக் கற்றாய், கற்றதை எவ்வளவு உண்மையோடு பிறர்முன் வைத்தாய் என்பதே. அந்த வினாவுக்கு விடை சொல்லும்போது, எந்தத் தேர்வாளர் முன்னும் நடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இராது.